நமது அடுப்பும் நமது மாவும்

(குடும்ப நலப் பாடம் – மாதர் சங்கங்களிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் கூடிப் படிப்பதற்கு)



உடல்நலப் பாடம் என்றதும் எதை உண்ணக்கூடாது என்ற பட்டியலை நீட்டுவது வழக்கம். இம்முறை எதை மகிழ்ந்து உண்ணலாம் என்று பேசுவோம். எமது வாவியின் இரு கரைகளிலும் விளைகின்ற பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே சுட்டெடுத்து, பிள்ளைகளோடு இருந்து உண்பதுதான் இன்றைய பாடம்.

1. கோதுமை மா வந்த கதை

கோதுமை எமது நாட்டில் விளையும் தானியம் அல்ல. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தப் பஞ்ச காலத்தில் கோதுமை மா பலருடைய அடுப்புக்கு வந்து சேர்ந்தது. முதியோர் அதனை 'அமெரிக்கன் மா' என்று அழைத்ததை எம்மில் பலர் கேட்டிருக்கிறோம். 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியபின் பாண் மூலைக்கடை வரை வந்தது.

அதன்பின் வந்தவை இடப்பெயர்வின் ஆண்டுகள். 1990இன் வன்செயல், 2004இன் ஆழிப்பேரலை, 2006, 2007 ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் நடந்த போர் என்று எமது மக்கள் மீண்டும் மீண்டும் வீட்டை விட்டு ஓடினார்கள். முகாம்களில் உலக உணவுத் திட்டத்தின் பங்கீடாக அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் கிடைத்தன. அந்த மா பல உயிர்களைக் காத்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அதே காலத்தில் சேனைகள் காடாயின. மாடுகள் கைவிட்டுப் போயின. பல வீடுகளில் விதைக் குரக்கன் இல்லாமற் போயிற்று. முகாமில் வளர்ந்த பிள்ளைக்குக் குரக்கனின் சுவை தெரியாது. ஊருக்குத் திரும்பியபோது கடை மாவும் பாணும் எம்மோடு கூடவே திரும்பி வந்தன.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது கோதுமை மாவின் விலை ஓராண்டுக்குள் மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. வெளிநாட்டுக் கப்பலை நம்பிய அடுப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை அன்று எல்லோரும் கண்டோம்.

2. குரக்கனில் என்ன இருக்கிறது?

100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு வெள்ளைக் கோதுமை மாவில் 20 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. நார்ச்சத்து குரக்கனில் சுமார் 11 கிராம். வெள்ளை மாவில் 3 கிராமுக்கும் குறைவு. வளரும் பிள்ளையின் எலும்புக்கும், கர்ப்பிணித் தாய்க்கும், வயலில் உழைப்பவரின் வயிற்றுக்கும் இது ஏற்ற உணவு. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களின் ஆண்டாகக் கொண்டாடியது. உலகம் இன்று தேடுகின்ற தானியத்தை எமது பாட்டிமார் சேனையில் விதைத்து வந்தார்கள்.

குரக்கனை நன்றாகக் காயவைத்தால் ஆண்டுக் கணக்கில் பூச்சி பிடிக்காமல் இருக்கும். மாவாக்கினால் அவ்வளவு காலம் தாங்காது. ஆகவே தேவைக்கு ஏற்பச் சிறிது சிறிதாகத் திரித்துக்கொள்ளுங்கள்.

தானியத்தை ஓரிரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்துத் திரித்தால் அதிலுள்ள சத்தை உடல் இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச இந்த மாவே நல்லது.

3. சுட்டுப் பார்ப்போம்

குரக்கன் ரொட்டி: குரக்கன் மா இரண்டு கோப்பை, துருவிய தேங்காய் ஒரு கோப்பை, சிறிதாக அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும், அளவாக உப்பு. கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்து, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் சுடவும். ஒரு பிடி முருங்கையிலை சேர்த்தால் இன்னும் நல்லது. தணலில் சுட்ட கருவாடும் சம்பலும் இதற்கு நல்ல சோடி.

சட்டிக் கேக்: பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் கேக் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு மின்சார அடுப்பு தேவையில்லை. குரக்கன் மா ஒரு கோப்பை, கோதுமை மா ஒரு கோப்பை, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சிறிது உப்பு ஆகியவற்றைக் கலந்து அரித்துக்கொள்ளவும். இரண்டு முட்டையை நன்றாக அடித்து, தூளாக்கிய பனங்கருப்பட்டி ஒரு கோப்பையும், கட்டித் தேங்காய்ப்பால் ஒன்றேகால் கோப்பையும், ஏலக்காயும் சேர்த்துக் கரைத்து, மாவோடு கலக்கவும். பெரிய சட்டியின் அடியில் மணல் பரப்பிச் சூடாக்கி, எண்ணெய் பூசிய பாத்திரத்தில் கலவையை ஊற்றி மணல் மேல் வைக்கவும். தகர மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் போடவும். கீழே நெருப்பு மெதுவாக இருக்கட்டும். முக்கால் மணி நேரமளவில், ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வரும்.

குரக்கனில் கோதுமையின் பசைத்தன்மை இல்லை. தனியே போட்டால் கேக் பொங்காது. அதனால்தான் பாதிக்குப் பாதி கலக்கிறோம். பணிஸ் செய்வதானால் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் போதும்.

ஒடியல் பிட்டு: பனை உள்ள ஊர்களில் ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இரண்டு மூன்று தடவை வடித்து மாற்றினால் கைப்பு நீங்கும். பின் பிழிந்தெடுத்து, தேங்காய்ப்பூவும் இறாலும் கீரையும் சேர்த்து அவிக்கலாம்.

4. கவனத்துக்கு

குரக்கனும் மாச்சத்துத்தான். நீரிழிவு உள்ளவர் இரண்டு ரொட்டிக்குப் பதில் ஆறு ரொட்டி உண்டால் பயனில்லை. கருப்பட்டியும் இனிப்பே, கேக் பெருநாளுக்கு, ரொட்டி அன்றாடத்துக்கு.

தானியம் மட்டும் போதாது. வாவி மீன், பயறு, கௌப்பி, எருமைத் தயிர் இவற்றில் ஒன்று கூட இருக்கட்டும். தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளனையும் கழுவி உண்ண வேண்டாம். அதன் நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் முற்றாகப் போகாது. அது ஈரலைக் கெடுக்கும்.

5. இறைவார்த்தையின் ஒளியில்

அரசர்கள் முதல் நூலின் 17ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பஞ்ச காலத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவும் சிறிது எண்ணெயுமே. அதைச் சுட்டுத் தானும் மகனும் உண்டபின் சாவதே மிச்சம் என்றிருந்தாள். நாடு விட்டு ஒளிந்து வந்த எலியாவுக்கு அவள் முதலில் ஒரு சிறு அப்பம் சுட்டுக் கொடுத்தாள். அதன்பின் பானையில் மா குறையவில்லை. அகதிக்குச் சுட்டுக் கொடுத்த அந்த அடுப்புத்தான் அவளது வீட்டையும் காத்தது.

நிவாரணம் வரும், ஒருநாள் நிற்கும். விதைத்ததும் பகிர்ந்ததும் நிலைக்கும். உண்பவர் இல்லாத தானியத்தை எவரும் விதைப்பதில்லை. விதைக்காத தானியம் ஊரை விட்டே போய்விடும். ஆகவே குரக்கன் ரொட்டி சுடுகின்ற ஒவ்வொரு வீடும் விதையைக் காக்கின்றது. காணி திரும்பக் கிடைக்காத குடும்பங்கள், விதைக்கும் அயலவரிடம் வாங்கி உண்பதாலும் இப்பணியில் சேர்ந்துகொள்ளலாம்.

கலந்துரையாடலுக்கு:

1. இடம்பெயருமுன் எமது வீட்டில் உண்ட எந்த உணவு இன்று இல்லாமற் போயிற்று? ஏன்?

2. எமது ஊரில் விதைக் குரக்கன் யாரிடம் உண்டு? வரும் பெரும்போக மழைக்கு முன் எத்தனை குடும்பங்களுக்கு ஒவ்வொரு சுண்டு கொடுக்கலாம்?

3. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு வீடும் ஒரு பலகாரம் சுட்டுக் கொண்டுவருவோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். எது சுவை என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.