நாற்காலித் தொழுகையும் நம் வயிறும்

சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னருகே வந்து அமர்ந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. “ஹஜ்ரத், ருகூஃவுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது. ஸுஜூதிலிருந்து எழ முழங்கால் இடம் தரவில்லை. இனி நாற்காலியில் தொழுது கொள்ளலாமா?” என்று கேட்டார்.

நின்று தொழ உண்மையிலேயே இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம். இது மார்க்கம் தந்த சலுகை. அதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இரவு முழுவதும் வேறொரு கேள்வி மனத்தை அரித்தது. இந்த வயதில் இவருக்கு அந்தச் சலுகை ஏன் தேவைப்பட்டது? முதுமையா? விபத்தா? இரண்டுமில்லை. உடல் பாரம்!

பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகி வருவதைக் காண்கிறோம். அவற்றில் அமர்வோர் எல்லோரும் முதியவர்கள் அல்லர். ஆகவே இதைப் பற்றிப் பேசுவது அவசியமாகிறது.

உடற்பருமன் என்பது எது?

கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது சரியல்ல. உயரத்திற்கேற்ற எடை என்று ஒரு கணக்கு உண்டு. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் சுமார் 63 கிலோவைத் தாண்டினால் அது கூடுதல் எடை. 68 கிலோவைத் தாண்டினால் உடற்பருமன். இது இந்தியர்களுக்கென மருத்துவர்கள் வகுத்த அளவு. இதைவிட எளியது இடுப்பளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவரும் ஆபத்திலிருந்து தப்பியவரல்லர். உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பே மிகுந்த கேடு செய்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மாநிலந்தோறும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதில் உடற்பருமன் மிகுந்த பகுதியாகக் காணப்பட்டது எது தெரியுமா? எங்கள் கண்டமங்கலத்துக்கு அண்டையிலுள்ள புதுச்சேரி! அங்கே வயது வந்தோரில் நூற்றுக்கு 53 பேர் பருமனானவர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளோர் 2015-16-இல் நூற்றுக்கு 31 பேர்; 2019-21-இல் 40 பேர் என்று தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது.

காரணங்கள் யாவை?

உடல் செலவிடுவதைவிட அதிகமாக உண்பதே அடிப்படைக் காரணம். ஆனால் அது பெருந்தீனியாக இருக்க வேண்டியதில்லை. சிறுகச் சிறுகவும் சேரும். நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 40 கிராம் ஆகிறது. மாதத்திற்கு 1 கிலோ 200 கிராம்! மூன்று வேளையும் வெள்ளையரிசியும் மைதா பரோட்டாவும், ரமளானில் எண்ணெயில் மிதக்கும் சம்சாவும் பஜ்ஜியும், வாரந்தோறும் ஒரு வலீமா பிரியாணியும் இதனுடன் சேர்கின்றன. மறுபுறம் உழைப்பு குறைந்துவிட்டது. அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். இஷாவுக்குப் பின் நள்ளிரவு வரை விழித்திருப்பதும் எடையைக் கூட்டும். தூக்கம் குறைந்தால் பசி மிகும்.

பரம்பரை, தைராய்டு குறை, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே பருமனான ஒருவரைக் கண்டு “தின்றே பெருத்தவர்” என்று கேலி பேசுவது பாவம். பிறரை இகழ்வதை இறைவன் தடுத்திருக்கிறான்.

விளைவுகள்

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, கல்லீரலில் கொழுப்பு, பித்தப்பைக் கல், சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவை இதன் தொடர்ச்சி. பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறும் குழந்தைப்பேறு தாமதமும் ஏற்படலாம். உரத்த குறட்டையுடன் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவோர் உண்டு. ஜும்ஆ பயானில் அவர்கள் கண்ணயர்வது அலட்சியத்தால் மட்டுமல்ல, நோயாலும் இருக்கலாம். முழங்கால் விஷயம் கேளுங்கள்: எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் ஏறும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

செய்ய வேண்டியது என்ன?

வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் தனித்தனிப் பங்கு வைக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஹலாலான உணவிலும் இஸ்ராஃப் உண்டு. தட்டில் சோற்றைக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பு, மீன், முட்டையைக் கூட்டுங்கள். தேநீரில் சீனியைப் பாதியாக்குங்கள். எங்கள் பக்கத்து நிலக்கடலை நல்ல உணவே. ஆயினும் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கு ஐந்து நிமிட நடை என்று வையுங்கள். போகும்போது நிதானமாகப் போவதே ஒழுக்கம். திரும்பும்போது விரைந்து நடக்கலாம். ஐவேளைக்கு 25 நிமிடம். வாரத்திற்கு 175 நிமிடம்! வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு. அஸருக்குப் பின் அரை மணி நேரம் அவர்கள் நடந்து வர, ஆண்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளட்டும்.

80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் கொதிப்பும் கட்டுப்படத் தொடங்கும். பட்டினி கிடந்து குறைக்க முயல வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே நோன்பு வைக்க வேண்டும்.

இறுதியாக ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். அந்தச் சகோதரருக்குப் பதில் சொன்ன மறுநாள் என் இடுப்பை அளந்து பார்த்தேன். 97 செ.மீ.! முப்பத்தாறு வயதில், விருந்துக்கு அழைத்தவர் மனம் கோணக்கூடாதென்று இரண்டாம் முறையும் பரிமாற விட்ட பலன். இப்போது அவரும் நானும் பஜ்ருக்குப் பின் சேர்ந்து நடக்கிறோம். அவர் இன்னும் நாற்காலியில்தான் தொழுகிறார். என் இடுப்பு 95 செ.மீ. எல்லை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

உடல் நமக்குச் சொந்தமல்ல; அமானத். அதைப் பேணி, நெற்றி தரையில் பட ஸுஜூது செய்யும் பாக்கியத்தை ஆயுள் முழுவதும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.