கார்த்திகை விதைப்பு: ஏரித் தண்ணீரைத் தொடாதீர்கள்

மழை ஓயும் நேரம் இது. ஐப்பசி முடிந்தால் சந்தாபுராவில் வானத்தை நம்பித் தோட்டம் போட முடியாது. அடுத்த நல்ல மழை சித்திரையில்தான். முதியோர் இல்லத்துக்கும் அன்னதானச் சமையலுக்கும் காய் கொடுப்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டி எடுக்கும் தம்பி தங்கைகள், என்ன விதைப்பது என்பதை இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் நாள் கணக்கு. பிப்ரவரி பிறந்தால் எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் வர மாட்டார்கள். வரவும் கூடாது, படிக்க வேண்டும். ஆகவே அதற்குள் பெரும்பகுதி பறித்து முடிகிற பயிராகப் பாருங்கள். வெந்தயக் கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். பாலக்கும் ஒரு மாதத்தில் முதல் வெட்டு தரும், பிறகு வெட்ட வெட்டத் துளிர்க்கும். முள்ளங்கிக்கு 45 நாள். நூல்கோல் நாற்று நட்டு 50, 60 நாள். பீன்ஸில் குத்துச்செடி ரகமே வேண்டும். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா கோமலுக்குப் பந்தல் தேவையில்லை, இரண்டு மாதத்துக்குள் பறிக்க ஆரம்பிக்கலாம். அவரை இல்லாமல் இந்த ஊரில் குளிர்காலம் ஏது? நாட்டு அவரைக்கு இப்போது காலம் தப்பிவிட்டது. ஆனால் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை 4 பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும். இப்போது போட்டாலும் காய்க்கும்.

தக்காளி, காலிஃபிளவர் இரண்டும் இந்த ஆண்டு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் வருகிறவர்கள் பார்க்கும் பயிர் இல்லை அவை. வெண்டை குளிரில் குன்றிவிடும்.

மற்றவை வழக்கம்போலத்தான். நாலடி அகல மேட்டுப்பாத்தி. மக்கிய தொழு உரம், கூடவே ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. காய்ந்த இலை மூடாக்கு. தண்ணீர் காலையில் மட்டும். முள்ளங்கியை முளைத்த பத்தாம் நாள் கலைத்துவிடுங்கள். அசுவினி தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது தண்ணீரைப் பற்றி. சந்தாபுரா ஏரியிலிருந்தோ, அதில் போய்ச் சேரும் ஓடைகளிலிருந்தோ, அதிலிருந்து வழிந்து வரும் கால்வாயிலிருந்தோ ஒரு குடம்கூட எடுக்காதீர்கள். சாக்கடையோடு தொழிற்சாலைக் கழிவும் கலக்கும் நீர் அது. 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், இந்த ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடே பேசிய ஏரியின் கரையில் குடியிருந்துகொண்டு, "தண்ணீர் பச்சையாகத்தானே இருக்கிறது அண்ணா, செடி நன்றாக வருகிறதே" என்று என்னிடம் சொல்கிறார்கள்!

செடி நன்றாகத்தான் வரும். சாக்கடையில் தழைச்சத்து இருக்கிறது, கீரை கருகருவென்று தழைக்கும். ஆபத்தே அதில்தான். முலாம் பூசும் பட்டறை, பேட்டரி, சாயம் ஆகியவற்றின் கழிவில் வரக்கூடிய காட்மியத்தையும் ஈயத்தையும் காயைவிட இலை அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் சுலபமென்று தேர்ந்தெடுக்கும் கீரைதான் கெட்ட தண்ணீரில் முதலில் விஷமாகும் பயிர். இலைக் காய்கறியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் கூடாது என்பது உலக உணவுத் தர வரம்பு. அந்த அளவு கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. கொதித்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது. ஜப்பானின் டொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சூ ஆற்று நீரில் விளைந்த நெல்லைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு நொறுங்கியது. காரணம் காட்மியம்தான் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968இல். அதற்குள் பல பத்தாண்டுகள் கடந்திருந்தன.

சென்ற தை மாதம் நான் பார்த்த ஒரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு வற்றியதும் ஓடையில் மோட்டார் இறக்கிவிட்டார்கள். அறுக்கத் தயாராக நின்ற பாலக் முழுவதையும் பிடுங்க வேண்டியதாயிற்று. அதை மாட்டுக்கும் போடக்கூடாது, எருக்குழியிலும் போடக்கூடாது. மறுபடி மண்ணுக்கே வந்துவிடும். பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் அந்தக் கீரை போகவிருந்த இல்லத்தில் இருக்கும் பாட்டிகள், இது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கேட்கப் போவதில்லை. இலவசமாக வருவதை வாங்கிக்கொள்வார்கள். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

ஏரி மண்ணும் வேண்டாம். ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தவர்கள் நம் தாத்தாக்கள். அன்றைய ஏரிக்கு அது சரி. இன்று கழிவில் வரும் உலோகம் அடியில் படிவதே அந்த வண்டலில்தான். லாரிக்காரர் சும்மா கொட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிறகு என்ன செய்வது? தண்ணீருக்கு ஏற்றபடி பாத்தியைச் சுருக்குங்கள். குளிர்காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்குச் சுமார் 4 லிட்டர் என்று வையுங்கள். நல்ல தண்ணீர் தினம் 80 லிட்டர்தான் கிடைக்கும் என்றால் 20 சதுர மீட்டர் மட்டும் போடுங்கள், மீதி நிலம் சும்மா கிடக்கட்டும். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறியது போக 400 லிட்டர் நிற்கும். கடைசி மழைகள் வருவதற்குள் பீப்பாய் வையுங்கள். சமையல்கூடத்தில் அரிசி, காய் கழுவிய நீரையும் கேட்டு வாங்குங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரும் டாங்கர் நீரும் சோதனைக்குப் போகட்டும். டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று எழுதி அனுப்பாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும், காட்மியத்தைக் காட்டாது. ஆய்வகத்தில் கன உலோகச் சோதனை என்று தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள். டாங்கர்காரர் எங்கே நிரப்புகிறார் என்று ஒரு முறை கூடவே போய்ப் பாருங்கள்.

தண்ணீர் நல்லது என்று அறிக்கை வந்த தோட்டங்கள் கார்த்திகை முதல் வாரத்தில் பீன்ஸும் அவரையும் ஊன்றலாம், அடுத்த வாரம் முள்ளங்கியும் கீரையும். வராத தோட்டங்கள் பாத்தி கட்டி, எரு போட்டு, மூடாக்கு இட்டுக் காத்திருக்கட்டும். விதை பொட்டலத்திலேயே இருக்கட்டும்.