வில்வித்தையும் சித்த ஏகாக்கிரமும்

வில்வித்தை பகைவரை வெல்லுதற்கும் விலங்குகளை வேட்டையாடுதற்குமே ஆயதென்று பலர் கருதுவர். போர்க்கருவி என்னும் வகையில் வில்லின் காலம் கழிந்து நெடுநாளாயிற்று. ஆயினும் அவ்வித்தை அழிந்திலது. பல தேசத்தாரும் அதனை விளையாட்டாகவும் மனப்பயிற்சியாகவும் இன்றும் பயில்கின்றனர். அது மனத்துக்குச் செய்யும் உபகாரம் யாது, அவ்வுபகாரத்தின் எல்லை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒலிம்பிக் பந்தயத்தில் வில்லாளர் 70 மீற்றர் தூரத்தினின்று எய்கின்றனர். இலக்கின் நடுவட்டம் குறுக்களவில் 12.2 சென்ரிமீற்றர். 70 சென்ரிமீற்றர் நீளமுள்ள கணையின் முனை எய்யும்போது 1 மில்லிமீற்றர் விலகிற்றாயின், இலக்கை அடையும்போது அவ்விலகல் 10 சென்ரிமீற்றராம். அம்பு நடுவட்டத்துக்குப் புறத்தே படும். மனத்தில் எழுந்த சிறு கலக்கம் மூச்சை அசைக்கும். மூச்சுத் தோளை அசைக்கும். தோள் கணையை அசைக்கும். பிறர் அறியாத மனச்சலனத்தை இவ்வாறு கண்முன்னே அளந்து காட்டும் கருவி வேறு அரிது. உருத்திராக்கமாலை கொண்டு செபஞ்செய்வோன் மனம் சந்தைக்குப் போய் மீண்டாலும், மாலை அதனைக் காட்டிக்கொடாது. வில் காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லாளரை வருத்தும் மனக்குற்றம் ஒன்றுண்டு. குறி இலக்கிற் படிந்தவுடனே கை தன்னையறியாது நாணை விட்டுவிடும். அல்லது குறியை நடுவிற் கொண்டுசெல்லவே கை மறுக்கும். படவேண்டுமென்னும் ஆசையும் படாதோவென்னும் அச்சமும் ஒருங்கே நின்று வருத்துதலால் வருவது இது. இதற்கு ஆசிரியர் செய்யும் பரிகாரம் நோக்கத்தக்கது. இலக்கை எடுத்துவிட்டு, வெறும் வைக்கோற்றிரளின் முன்னே சில அடி தூரத்தில் மாணாக்கனை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எய்யும்படி ஏவுவர். அங்கே வெல்லுதற்கும் தோற்றற்கும் ஒன்றுமில்லாமையால், நிற்றல், இழுத்தல், விடுதல் என்னுஞ் செயல்களிலேயே மனம் நிற்கும். இப்படிப் பலநாட் பயின்றபின்னரே இலக்கு மீட்டும் வைக்கப்படும். பயனிற் பற்றின்றிச் செய்க என்று நாம் பிரசங்கங்களிற் கேட்டுக் கடந்துபோவதை, இவர் தோளினாலும் விரலினாலும் கற்கின்றனர்.

துரோணாசாரியர் மரத்தின்மேற் செயற்கைப் பறவையொன்றை வைத்து மாணாக்கரைச் சோதித்த கதை பாரதத்தில் யாவரும் அறிந்தது. தருமர் மரத்தையும் தம்பியரையும் ஆசிரியரையுங் கண்டார். அருச்சுனன் பறவையின் தலையொன்றையே கண்டான். ஏகாக்கிரத்துக்கு இதனை உதாரணமாகக் காட்டுவோர் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அவ்வருச்சுனனே பின்னர்க் குருக்ஷேத்திரத்தில், எதிரே நின்றோர் பாட்டனும் ஆசிரியரும் சுற்றத்தாருமாதலைக் கண்டவளவில், உடல் நடுங்கி, வாயுலர்ந்து, காண்டீவம் நழுவத் தேர்த்தட்டில் இருந்துவிட்டான். பறவையை நோக்கியபோது உதவிய பயிற்சி, பாசம் குறுக்கிட்டபோது உதவிற்றிலது. ஆதலின், வில்வித்தை மனத்தை ஒருவழி நிறுத்தும் வன்மையைத் தருமேயன்றிப் பாசத்தை நீக்கும் வன்மையைத் தாராது என்பது நமது துணிபு.

முண்டகோபநிடதம் பிரணவத்தை வில்லாகவும், ஆன்மாவை அம்பாகவும், பிரமத்தை இலக்காகவும் உருவகஞ்செய்து, சோர்வின்றி எய்யுமாறு விதிக்கின்றது. அம்பு இலக்கிற் புதைந்து அதன்மயமாதலை ஏகான்மவாதிகள் தங் கொள்கைக்குச் சான்றாக்குவர். புதைந்த அம்பு இலக்கினின்றும் பிரிவின்றி நிற்பினும், தான் இலக்காய்விடுவதில்லை என்பதை அவர் நோக்கிலர். அது நிற்க.

பொத்தப்பிநாட்டு உடுப்பூரில் நாகன் மகனாராய்ப் பிறந்த திண்ணனார், இளமையிலேயே வில்வித்தை பயிற்றப்பட்டமையைச் சேக்கிழார் சுவாமிகள் விரித்துரைக்கின்றார். திருக்காளத்தியிலே சுவாமியைக் கண்டமாத்திரத்தில் அவர்க்கு எழுந்த அன்பு வில்லினாற் கற்றதன்று. ஆயினும் அவ்வன்பு தொண்டாய் வெளிப்பட்ட இடந்தோறும் வில்லாளரின் பழக்கம் உடன்நிற்றலைக் காணலாம். இரவு முழுவதும் கண்டுயிலாது வில்லேந்திக் காவல்நின்றார். சுவாமியின் திருக்கண்ணில் இரத்தம் பெருகக் கண்டு வீழ்ந்தெழுந்தவர், முதலில் வில்லெடுத்து அத்தீங்கு செய்தாரைத் தேடினார். காணாமையாற் பச்சிலை தேடிப் பிழிந்தார். அதுவும் பயன்படாமையால் தங்கண்ணையே அம்பினால் இடந்து அப்பினார். மற்றைத் திருக்கண்ணிலும் இரத்தந் தோன்றிற்று. தமக்கு எஞ்சிய கண்ணையும் இடந்துவிட்டால் அப்பவேண்டிய இடந் தெரியாதென்று உணர்ந்து, அடையாளமாகத் தங் காலை அவ்விடத்தில் ஊன்றிக்கொண்டு அம்பை எடுத்தார். தம்மை முற்றும் மறந்தவர் குறியை மறந்திலர். அருச்சுனன் கை நழுவிய இடத்தையும் நாயனார் கை நழுவாத இடத்தையும் ஒப்பிடின், வேறுபாடு பயிற்சியில் இல்லை, மனம் பற்றிய பொருளிலேயே உளதென்பது விளங்கும்.

நம்மூர்க் கோயில்களிற் புராணபடனஞ் செய்வோர், திண்ணனார் வில்பயின்ற செய்யுட்களை விரைந்து கழித்துவிட்டுக் கண்ணிடந்த செய்யுட்களுக்குச் செல்வது வழக்கமாயிருக்கின்றது. முற்பகுதிக்கும் நின்று பொருள் சொல்லுதல் வேண்டும். கேட்டிருக்குஞ் சிறுவர் மனம் முதலிற் பற்றுவது அப்பகுதியையே.