வீட்டைச் சோதனை போட வந்தால்…



போலீஸ் வாசலில் வந்து நின்றாலே நமக்குக் கை கால் ஓடாது. குழுவின் ரொக்கமும் கணக்கு நோட்டும் ஊக்குநர் வீட்டுப் பெட்டியில் இருக்கும்போது சோதனை வந்தால் என்ன செய்வது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம் சொல்வதை நாம் தெரிஞ்சுக்குவோம்.

* வாரண்டைக் கேட்டு வாங்கிப் படிக்கணும். கோர்ட் முத்திரையும் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் இருக்கணும்.
* அவசரம் என்றால் வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம். ஆனால் காரணத்தை எழுதி வைத்து, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும்.
* அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேராவது சாட்சி இருக்கணும். வீட்டுக்காரரும் கூட நின்று பார்க்கலாம்.
* பெண்ணைச் சோதிப்பது பெண்தான். அதுவும் மரியாதை குறையாமல்.
* சோதனையை வீடியோ எடுக்கணும்.
* எடுத்த பொருளுக்கெல்லாம் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போடணும். நகல் நமக்குத் தரணும்.

வாரண்ட் சரியாக இருந்தால் தடுக்கக் கூடாது. ஆனால் குழுப் பணம் எவ்வளவு எடுத்தாங்க என்பதைப் பட்டியலில் எழுதச் சொல்லுவோம். பிறகு கோர்ட்டில் திருப்பிக் கேட்க அந்த நகல்தான் நமக்கு ஆதாரம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்க.