சிலுவையடியில் பிறக்கும் மன்னிப்பு

கத்தோலிக்கக் கோயில்களின் உட்சுவர்களில் 14 சிலுவைகளோ சித்திரங்களோ வரிசையாக அமைந்திருக்கும். பிலாத்து மரண தண்டனை விதித்தது முதல் கல்லறையில் அடக்கம் செய்தது வரை ஏசுநாதரின் இறுதிப் பயணத்தை அவை நினைவூட்டுகின்றன. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பக்தர்கள் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு ஜெபிப்பர். இதுவே ‘சிலுவைப் பாதை’ என்னும் வழிபாடு.

அதில் 11-ஆம் நிலை, ஏசு சிலுவையில் அறையப்படுதல். அவ்வேளையில் அவர் வாயினின்று எழுந்தது சாபமன்று. தம்மை வதைப்போரைப் பிதா மன்னிக்க வேண்டும் என்று அவர் வேண்டியதாக லூக்கா நற்செய்தியின் 23-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் அறியாமையால் செய்கின்றனர் என்று அவர்களுக்காகப் பரிந்தும் பேசுகிறார்.

ஆழ்ந்து தியானிப்போர்க்கு இங்கே ஒரு நுட்பம் புலப்படும். முன்பு முடக்குவாதக்காரனிடம், அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று நேரே உரைத்தவர் அவர். சிலுவையிலோ பகைவரை நோக்கிப் பேசவில்லை. பிதாவை நோக்கிப் பேசுகிறார். மன்னிப்பு இங்கே பிரார்த்தனையாகிறது.

காயமுற்ற மனிதனுக்கு ‘மன்னித்துவிட்டேன்’ என்று சொல்ல நா எழாத காலம் உண்டு. சொன்னாலும் நெஞ்சம் ஒப்பாது. ஆயினும், தீங்கிழைத்தவனுக்காக இறைவனிடம் வேண்ட அவனால் இயலும். பட்ட காயத்தை உணராதிருப்பதும் மறப்பதும் மனிதன் வசத்தில் இல்லை. இறைவனிடம் ஒப்படைத்த இதயத்தில் அக்காயமே பிறருக்கான வேண்டுதலாக மாறும் என்று 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் விளக்குகிறது.

தியான முறை

புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ 1548-இல் அச்சான நூல். அதன் நான்கு ‘வாரங்களில்’ மூன்றாவது, கிறிஸ்துவின் பாடுகளுக்கு உரியது. சாதகர் அந்த இடத்தை மனக்கண்ணில் நிறுத்துகிறார், அங்குள்ளோரைக் காண்கிறார், அவர்கள் பேசுவதைக் கேட்கிறார். முடிவில் நண்பனிடம் பேசுவதுபோல் இறைவனிடம் மனம் திறக்கிறார்.

வாழ்வில் கண்ட உண்மை

கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளைக் கடன் கொடுப்போரின் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டவர். 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் பயணம் செய்தபோது தாக்கப்பட்டு, கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-இல் ராணி மரியாவின் தங்கையான மற்றொரு கன்னியர் சிறைக்குச் சென்று, அவர் கையில் ராக்கி கட்டிச் சகோதரராக ஏற்றார். குடும்பத்தினரும் அவரது விடுதலைக்காகப் பரிந்துரைத்தனர். 2006-இல் விடுதலையான அவர் பின்னர் கேரளம் சென்றபோது, மகளை இழந்த தாய் அவருடைய கைகளை முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

மன்னிப்பு, தீமையை நியாயப்படுத்துவதன்று. இங்கே தண்டனையும் நடந்தது, வெறுப்பும் ஒழிந்தது.

நெஞ்சில் பகை உறுத்தும்போது சாதகர் செய்யத்தக்கது ஒன்றே. சிலுவையின் முன் அமைதியாக அமர்ந்து, தீங்கிழைத்தவரின் பெயரை ஒருமுறை சொல்லி, அவர் நலத்துக்காக வேண்டட்டும். முதல் நாள் அந்தப் பெயர் கசக்கும். நாள்தோறும் ஜெபத்தில் ஏறும் பெயரை நெடுங்காலம் வெறுப்பது அரிது.