கடன் கழுத்தை நெரிக்கிறதா?

வேலை போனாலோ தொழில் நொடித்தாலோ, கடன்காரரைக் கண்டு ஒளியாமல் கணக்கைக் கையில் எடுங்கள்.

● யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என ஒரே தாளில் எழுதுங்கள். கைமாற்று, மளிகைக் கடை பாக்கியையும் விடாதீர்கள்.

● வாடகை, அரிசி பருப்பு, மருந்து, பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவதுதான் தவணைக்கு.

● கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேலும் வட்டி ஏறலாம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அசல் கரையாது. மீட்க வழியிருந்தால், நகையை வங்கியில் அடகு வைத்து இந்தப் பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள்.

● தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய், காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

● வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

● கந்துவட்டிக்காரர் மிரட்டினால் போலீஸில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதலே இதற்குத் தனிச் சட்டம் உண்டு.

● பழைய கடனை அடைக்க, செல்போன் செயலியில் புதுக் கடன் வேண்டவே வேண்டாம்.