மோதுவதற்கென்றே விமானம் செய்தார்களா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் எதிரியின் குண்டுவீச்சு விமானத்தை முட்டி வீழ்த்துவதற்கென்றே தனியாகச் சண்டை விமானங்கள் செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா? இந்த யோசனை எங்கே தொடங்கியது?

பதில்: யோசனை முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 8 அன்று, இன்றைய உக்ரைனின் ஜோவ்க்வா நகருக்கு அருகே, ரஷ்ய விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் தம் மொரான் விமானத்தைக் கொண்டு ஆஸ்திரிய வேவு விமானம் ஒன்றை முட்டினார். அவருடைய விமானத்தில் துப்பாக்கி பொருத்தப்பட்டிருக்கவில்லை. வானில் இருப்பவனை வீழ்த்த வேறு வழியும் இல்லை. அவரும் எதிரி விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு ரஷ்யரான கஸகோவ் அதையே செய்து உயிரோடு தரையிறங்கினார். துப்பாக்கி இல்லாத குறைக்கு மாற்றாக வந்த உத்தி இது. பிறகு எப்போதெல்லாம் தலைதூக்கியதோ, அப்போதெல்லாம் பின்னால் ஏதோ ஒரு பற்றாக்குறை இருந்தது. மோதுவதற்கான தனி விமானம் என்ற திட்டங்களும் இருந்தன. ஆனால் வரைபலகைக்கு வந்ததும் அவற்றில் மோதல் பின்னுக்குப் போய் வேறோர் ஆயுதம் முன்னுக்கு வந்தது. உண்மையில் மோதியவை சாதாரண விமானங்கள்தான். அவற்றிலிருந்து சில பொருள்களைக் கழற்றியிருந்தார்கள், அவ்வளவே.

ஜெர்மனியைப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு பி-17 குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்த 20 மில்லிமீட்டர் குண்டுகள் ஏறக்குறைய இருபது பட வேண்டும் என்று ஜெர்மானியர் கணக்கிட்டிருந்தார்கள். அரைகுறைப் பயிற்சியோடு வந்த இளம் விமானிகளிடம் அந்தக் குறி எங்கிருந்து வரும்? மோதினால் ஓர் அடியிலேயே வேலை முடிந்துவிடும் என்று தோன்றியதில் வியப்பில்லை. செப்பலின் நிறுவனம் போரின் கடைசி மாதங்களில் ‘ராம்மர்’ என்ற குட்டி விமானத்தைத் திட்டமிட்டது. வேறொரு விமானம் அதை இழுத்துப்போய் உயரத்தில் விட, அது தன் ராக்கெட் எஞ்சினால் பாய்ந்து, எஃகால் வலுவூட்டிய இறக்கையால் எதிரியின் வாலை அறுக்க வேண்டும். ஆனால் அதன் மூக்கில் 14 ராக்கெட் குண்டுகளையும் வைத்தார்கள்: முதல் பாய்ச்சலில் அவற்றைச் சுட வேண்டும், மோதல் இரண்டாம் பாய்ச்சலில்தான். முதல் பாய்ச்சலிலேயே ராக்கெட்டுகள் வேலையை முடித்துவிட்டால் எஃகு இறக்கையை எதற்குச் சுமக்க வேண்டும்? அந்த விமானம் பறக்கவே இல்லை. எரிக் பாகெம் வடிவமைத்த ‘நாட்டர்’ என்ற ஜெர்மன் ராக்கெட் விமானத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். தொடக்க யோசனையில் மோதல் இருந்தது. மோதும் நொடியில் விமானியைப் பிழைக்க வைப்பது எளிதல்ல என்றதும் அதைக் கைவிட்டு ராக்கெட் குண்டுகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் நார்த்ராப் எக்ஸ்பி-79 மோதுவதற்கே செய்யப்பட்டதுதானே என்று சிலர் கேட்கலாம். ‘ஃப்ளையிங் ராம்’ என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. கனத்த மெக்னீசியத் தகட்டு உடல், விமானி குப்புறப் படுத்து ஓட்டும் அமைப்பு இரண்டையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான்கு 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மெக்னீசியத்தைப் பற்றவைப்பதில் நார்த்ராப் நிறுவனத்துக்கு ஏற்கெனவே தனி ஆர்வம் இருந்தது. விமானி படுத்திருந்தால் திருப்பங்களின் அழுத்தத்தை நன்றாகத் தாங்க முடியும். அதைவிட முக்கியமாக, 1943 தொடக்கத்தில் அந்த ஒப்பந்தம் போடப்பட்டபோது அமெரிக்க வானத்தில் மோதி வீழ்த்த எந்தக் குண்டுவீச்சுப் படை வந்துகொண்டிருந்தது? வரலாற்றாசிரியர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. என் பார்வையில் பெயர்தான் விமானத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. 1945 செப்டம்பர் 12 அன்று, போர் முடிந்த பிறகு, அது ஒரே ஒருமுறை பறந்தது. ஏறக்குறைய பதினைந்து நிமிடங்களில் கட்டுப்பாட்டை இழந்து விழ, சோதனை விமானி ஹாரி கிராஸ்பி இறந்தார்.

உண்மையில் மோதியவர்களின் விமானங்களைப் பாருங்கள். 1945 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ‘எல்பே’ படையிலிருந்து ஏறக்குறைய 180 பேர் புறப்பட்டார்கள். அவர்களுடைய பிஎஃப் 109 விமானங்களில் கவசத் தகடுகளையும் பெரும்பாலான துப்பாக்கிகளையும் கழற்றியிருந்தார்கள். உயரமாகவும் வேகமாகவும் போக எடை குறைய வேண்டும். எதிரியின் வாலை முறித்துவிட்டு பாரசூட்டில் குதிக்க வேண்டும் என்பதே திட்டம். தற்கொலைக் கட்டளை அல்ல அது, ஆனாலும் அதற்கு மிக அருகில் நின்றது. அன்று வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்களில் முட்டி வீழ்த்தப்பட்டவை பதினைந்துக்குள்தான். ஜெர்மன் விமானப்படை அதிகாரி ஹாயோ ஹெர்மன் இந்த யோசனையை முன்வைத்தபோது எதிர்பார்த்தது வேறு: ஒரே நாளில் பேரிழப்பு நேர்ந்தால் அமெரிக்கர் சில வாரம் தாக்குதலை நிறுத்துவார்கள், அதற்குள் ஜெட் விமானங்கள் தயாராகிவிடும். அந்த இடைவெளி கிடைக்கவே இல்லை. ஜப்பானிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-29 பறந்த உயரத்தை எட்டத் திணறிய விமானங்களிலிருந்து துப்பாக்கியையும் கவசத்தையும் எடுத்தார்கள். எடுத்த பிறகு கையில் எஞ்சிய ஆயுதம் விமானம் மட்டுமே. 1944 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் யவாட்டா வானில் கி-45 என்ற ஜப்பானியச் சண்டை விமானம் ஒரு பி-29 மீது மோத, சிதறிய துண்டுகள் இன்னொரு பி-29ஐயும் வீழ்த்தின. இரண்டுமுறை மோதியும் பிழைத்த விமானிகளும் அங்கே உண்டு. அவர்கள் விதிவிலக்குகள்.

சோவியத் விமானிகள் நூற்றுக்கணக்கில் மோதினார்களே, அது வெற்றிதானே என்ற எதிர்வாதம் வலுவானது. எதிரியின் வாலைப் பின்னாலிருந்து விசிறியால் சீவும் முறையில் இரு விமானங்களும் ஒரே திசையில் போவதால் அடியின் வேகம் குறையும்; பலர் பிழைத்தார்கள். ஆனால் அதற்கென எந்தத் தனி விமானமும் அங்கே எழவில்லை. 1941 ஆகஸ்டில் மாஸ்கோ அருகே இரவில் விக்தர் தலலிகின் தம் ஐ-16 சண்டை விமானத்தால் ஹெயின்கல் என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை மோதியது குண்டுகள் தீர்ந்த பிறகுதான். சொந்த மண்ணின் மேல் பறந்ததால் பாரசூட்டில் குதித்துத் தம் படைக்கே திரும்ப முடிந்தது. 1943க்குப் பிறகு நல்ல விமானங்களும் வலுவான பீரங்கிகளும் கைக்கு வர, மோதல்களும் குறைந்தன. தலலிகின் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1941 அக்டோபரிலேயே ஒரு வழக்கமான வான்சண்டையில் சுடப்பட்டு இறந்தார்.